6,500 பவுண்டில் முடிய வேண்டிய கார்: ஒரு கிட் கார் கட்டிய கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை கணக்கு நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். 11,095 பவுண்டு வந்தது. தொடங்கிய அன்று முதல் பக்கத்தில் நானே பென்சிலால் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருந்த தொகை 6,500. இடையில் 4,595 பவுண்டு எங்கே போனது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கார் நன்றாகவே ஓடுகிறது, அதில் குறையில்லை.

நான் இருப்பது இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில். கிட் கார் என்றால் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக் கட்டும் கார். நான் கட்டியது லோட்டஸ் செவன் என்ற பழைய இங்கிலீஷ் காரின் நகல். கதவு கிடையாது, கூரை கிடையாது. நீளமான மூக்கு, வெளியே துருத்தி நிற்கும் முன்சக்கரங்கள், பின் அச்சுக்குச் சற்று முன்னால் தரையை ஒட்டி இரண்டு இருக்கைகள். உலகத்தில் அதிகமாக நகலெடுக்கப்பட்ட கார்களில் இது ஒன்று. காரணம் எளிது: சதுரக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்த கூண்டு, தட்டையான அலுமினியத் தகடு, கொஞ்சம் ஃபைபர். வளைவான பாகம் மிகக் குறைவு.

லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் இதை 1957-இல் கொண்டுவந்தபோதே பலர் கிட்டாகத்தான் வாங்கினார்கள். அன்று பிரிட்டனில் முழுதாகக் கட்டிய காருக்கு விற்பனை வரி உண்டு, உதிரிபாகமாக வாங்கினால் இல்லை. ஆனால் உதிரிபாகத்தோடு எப்படிப் பூட்டுவது என்ற குறிப்பைக் கொடுக்கக் கூடாது. அதனால் லோட்டஸ், காரை எப்படிக் கழற்றுவது என்று குறிப்பு கொடுத்ததாகவும், வாங்கியவர்கள் அதைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்துக் கட்டியதாகவும் சொல்வார்கள். 1973-இல் அந்த வரி போய் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி வந்தது, சலுகையும் போனது. அதே ஆண்டு செவனைக் கட்டும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. இன்றும் கட்டுகிறார்கள்.

இந்தப் பழைய கதையை நான் தொடங்கும் முன்பே படித்திருந்தேன். அதில் எனக்கான பாடம் இருந்தது, கவனிக்கவில்லை. கிட் மலிவாக இருந்தது வரியால். அந்தக் காரணம் போய் 50 வருடம் ஆகிறது. இன்று கட்டுகிறவனுக்கு மிச்சமாவது தொழிற்சாலைக் கூலி மட்டும்தான். அதையும் வேறு யாராரோ வாங்கிக்கொள்கிறார்கள்.

முதலில் டோனர் கார். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹப், பிரேக், ஸ்டியரிங் தண்டு, வயரிங் எல்லாவற்றையும் தானமாகக் கொடுத்துவிட்டுச் சாகப்போகும் கார். ஒரு காலத்தில் எல்லாரும் ஃபோர்டு எஸ்கார்ட்டைத் தேடினார்கள், அது தீர்ந்ததும் சியரா. இப்போது மாஸ்டா எம்எக்ஸ்-5. பின்சக்கர இழுவை, எளிதில் சாகாத எஞ்சின், எல்லாவற்றையும்விட முக்கியமாக, இங்கே குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பில் அதன் கதவுக்குக் கீழே உள்ள சில் முதலில் துருப்பிடித்துப் போகும். உடம்பு செத்திருக்கும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். கிட் கட்டுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

எனக்குக் கிடைத்தது 1996-ஆம் ஆண்டு 1.8 லிட்டர் வண்டி, விலை 900 பவுண்டு. வருடாந்தர எம்ஓடி சோதனையில் தோற்றிருந்தது. சில்லில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் அப்பளம் மாதிரி உள்ளே போனது. விற்றவர் மன்னிப்புக் கேட்கிற குரலில் அதைக் காட்டினார். நான் சந்தோஷத்தை மறைக்கப் பாடுபட்டேன்.

மொத்த வேலையில் கணக்குப்படி நடந்தது இந்தப் பகுதி ஒன்றுதான். ஆறு வார இறுதிகளில் பிரித்துப்போட்டேன். அந்த வண்டியோடு வந்த கெட்டிக் கூரை 380 பவுண்டுக்குப் போனது. இருக்கை, கதவு, விளக்கு எல்லாம் சேர்த்து 140. மிஞ்சிய கூட்டைக் காயலான் கடைக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு 120 கொடுத்தார். ஆக, எஞ்சினும் கியர்பாக்ஸும் எனக்கு விழுந்த விலை 260 பவுண்டு. இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எனக்குத் தலைக்கனம் ஏறியது. பிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: ஒவ்வொரு போல்ட்டையும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதி ஜிப் பைக்குள் போடுங்கள். "நினைவிருக்கும்" என்று நான் விட்டது எதுவுமே நினைவில் இல்லை. அப்புறம், வண்டியின் வி5சி பதிவுச் சான்றைப் பத்திரமாக வையுங்கள். ஏன் என்று பிறகு வருகிறது.

கிட்டின் விலை 4,350 என்று பேசியிருந்தோம். ரசீதில் 5,220 இருந்தது. 20 சதவீத வாட். விலைப்பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள், தப்பு என்னுடையது. ஒரு வேனில் வந்து இறங்கியது: கருப்புப் பவுடர் கோட்டிங் கொடுத்த கூண்டு, சக்கரத்தைக் கூண்டோடு இணைக்கும் விஷ்போன்கள், அதிர்வைத் தாங்கும் நான்கு டேம்பர், ஃபைபர் மூக்கு, மட்கார்டுகள், ரேடியேட்டர், புகைபோக்கி, சுருட்டி வைத்த அலுமினியத் தகடுகள். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயில் செய்த அந்தக் கூண்டை நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டோம். "இதுதான் காரா?" என்று அவர் கேட்டார். அன்றைக்கு அது ஒரு பெரிய கோழிக்கூண்டு மாதிரிதான் இருந்தது.

தகடு அடிக்கும் வேலை பார்க்க எளிது. கூண்டில் துளை போட்டு, தகட்டில் துளை போட்டு, நடுவில் பாலியூரிதேன் பசை இழுத்து, ரிவெட் அடிக்க வேண்டும். பசை ஒட்டுவதற்கு மட்டும் இல்லை. இரும்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் கிடந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும், இந்த ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பசைதான் இரண்டுக்கும் நடுவே நிற்கிற சுவர். தரைத் தகட்டை முடித்தபோது கைரிவெட்டரை அழுத்தி அழுத்தி என் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. மறுநாள் கம்ப்ரெசரில் ஓடும் ரிவெட்டர் ஒன்று வாங்கினேன். அதற்கு கம்ப்ரெசர் வேண்டுமே, அதையும் வாங்கினேன். கணக்கு இப்படித்தான் நழுவுகிறது. ஒரு சாமான் இன்னொரு சாமானைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச், கேஸ்கெட்டுகள் மாற்றினேன், 410 பவுண்டு. இதில் வருத்தமில்லை. காருக்குள் போட்ட பிறகு அதே வேலையைச் செய்வதை நினைத்தாலே முதுகு வலிக்கிறது.

பிரேக் குழாயில் அடி வாங்கினேன். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் வளைக்க இதமானது, துருவும் பிடிக்காது. அதன் நுனியை மலர்த்தி, மலர்ந்ததை மறுபடி உள்ளே மடக்கி இரட்டையாகச் செய்யவேண்டும். மாஸ்டாவின் இணைப்புகள் அந்த வடிவத்துக்குத்தான் கவ்வும். நான் 18 பவுண்டு கருவி ஒன்றில் செய்தேன். மலர்ந்த இதழ் ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தது. இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இரவு எண்ணெய் ஊற்றி வைத்துவிட்டுப் போனேன். காலையில் பார்த்தால் பின்பக்க இணைப்பிலிருந்து சொட்டிச் சொட்டி, கீழ்க்குழாயின் பூச்சு ஒரு முழ நீளத்துக்குக் கொப்புளித்துக் கிடந்தது. பிரேக் எண்ணெய்க்குப் பெயிண்ட் என்றால் அவ்வளவு பிரியம். எல்லாக் குழாயையும் பிடுங்கிப் போட்டேன். நல்ல கருவி 95 பவுண்டு. முதலிலேயே அதை வாங்கியிருந்தால் 18 பவுண்டும், இரண்டு சனிக்கிழமையும், கூண்டின் கருப்பு நிறமும் மிஞ்சியிருக்கும்.

ஆனால் என்னை நிஜமாகவே அழவைத்தது வயரிங். டோனர் காரின் வயர்க்கட்டை அப்படியே தரையில் விரித்து, கதவு, ஏர்பேக், ஏரியல், உள்விளக்கு என்று தேவையில்லாததை ஒவ்வொன்றாக உருவி எடுத்தேன். அதுவரை பொறுமையான, கிட்டத்தட்ட பூ கட்டுவது போன்ற வேலை. பிறகு பூட்டி, பேட்டரி கொடுத்து, பிரேக்கை அழுத்தினால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கு அதோடு சேர்ந்து கண் சிமிட்டுகிறது. வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு 11 மணி நேரம் தேடினேன். வயரில் தவறே இல்லை. எம்எக்ஸ்-5-இல் விளக்குகள் இரும்பு உடம்பில் உட்கார்ந்திருந்தன, உடம்பே எர்த். என் காரில் அவை உட்கார்ந்திருப்பது ஃபைபர் மட்கார்டில், ஃபைபரில் மின்சாரம் போகாது. திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனியாக ஒரு கருப்பு வயர் இழுத்துக் கூண்டில் முடுக்கினேன். அரை மணி நேர வேலை.

இனி நோட்டுக்கு வருகிறேன். டயரும் பழைய சக்கரமும் 480. இருக்கையும் பெல்ட்டும் 520. விளக்கு, கண்ணாடி, டாஷ்போர்டு 370. பிரேக் காலிப்பர் புதுப்பித்தது, டிஸ்க், பேட், குழாய் எல்லாம் 465. பெட்ரோல் லைன், தண்ணீர் ஹோஸ் 215. இவை எல்லாம் கிட்டத்தட்ட எதிர்பார்த்தவைதான். எதிர்பார்க்காதவை இரண்டு வரி. கருவிகள்: 1,240. எஞ்சின் தூக்கும் கிரேன், ஜாக் ஸ்டாண்டு, டார்க் ஸ்பேனர், கம்ப்ரெசர், அந்த 95 பவுண்டு கருவி. அடுத்தது, நான் "சில்லறை" என்று தலைப்புப் போட்ட பக்கம்: 1,130. போல்ட், நைலாக் நட், ரிவெட், பசைக் குழல், ரப்பர் குரோமெட், வயர் முனை, கிளிப், ஓரப்பட்டை, துளைபோடும் பிட். தனித்தனியாகப் பார்த்தால் ஏழு பவுண்டு, பன்னிரண்டு பவுண்டு. ஒரு தடவைகூடக் கை நடுங்கவில்லை. என் மனைவி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, இது எஞ்சினைவிட நாலு மடங்கு இல்லையா?" என்றாள். ஆமாம். 260-க்கு எஞ்சின், 1,130-க்கு நட்டும் போல்ட்டும்.

கட்டி முடித்ததும் ரோட்டில் இறக்கிவிட முடியாது. ஐவிஏ என்ற தனி வாகனச் சோதனையில் தேறவேண்டும். நான் கட்டிய கட்டணம் 450 பவுண்டு. அரை நாளுக்குமேல் ஆகும், ஒரு ஆய்வாளர் காரை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். பாதுகாப்புக்கான சோதனைதான், குறை சொல்ல மனமில்லை. ஆனால் அதன் கூர்மை வேறு எதிலும் நான் பார்க்காதது. வெளியே உடம்பில் படக்கூடிய எந்தக் கெட்டி விளிம்பும் 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் உருண்டிருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் உருண்டை ஒன்றை உருட்டினால் எதில் படுமோ அதெல்லாம் கணக்கில் வரும். மட்கார்டைத் தாங்கும் பட்டை, கண்ணாடிக் கால், எல்லா போல்ட் தலையும். அதனால் நானும் மற்ற எல்லாரையும்போல போல்ட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் குல்லா மாட்டினேன், தகட்டு ஓரத்துக்கெல்லாம் ரப்பர் பட்டை அடித்தேன். சோதனைக்கு முந்தைய இரவு கார் மழைக்கோட்டு போட்ட குழந்தை மாதிரி நின்றது.

வாடகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனேன். எடை பார்த்தார்கள்: 612 கிலோ. டோனராக வந்தபோது ஒரு டன்னுக்குப் பக்கம் இருந்த வண்டி. சத்தம் தேறியது, வரம்பு 99 டெசிபெல். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, அதுவும் தேறியது. தோற்றது இரண்டில். டாஷ்போர்டின் அடியில் ஒரு தாங்கு பட்டையின் ஓரம் கூராக இருந்தது. இன்னொன்று, வளைவிலிருந்து வெளியே வரும்போது கையை எடுத்தால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை.

இந்த இரண்டாவது நோய் செவன் வகைக் கார்களில் சாதாரணம் என்று பிறகுதான் புரிந்தது. டோனர் காரின் ஸ்டியரிங்கும் ஹப்பும் ஒரு டன் வண்டிக்காகச் செய்தவை. முன்பக்கம் இவ்வளவு எடை குறைந்தால் சக்கரத்தை நேராக்கும் விசையும் குறைந்துவிடுகிறது. மேல் விஷ்போனில் ஷிம் என்ற மெல்லிய தகட்டுத் துண்டுகளை மாற்றி, காஸ்டர் கோணத்தை, அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வை, 4 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 6-க்குக் கொண்டுவந்தேன், டை ராடைச் சரிசெய்து முன்சக்கரங்களை நேராக்கினேன். தெருவில் நடப்பதற்கும் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம். மறுசோதனை 90 பவுண்டு, டிரெய்லர் இரண்டு தடவை சேர்த்து 160. ஆக, இந்த ஒரு தலைப்பில் 700.

முதல் பதிவுக் கட்டணமும் நம்பர் பிளேட்டும் 85. அந்த வி5சி இங்கேதான் உதவியது. புதுக் கூண்டில் ஒரே டோனரிலிருந்து வந்த இரண்டு முக்கிய பாகமாவது இருந்தால், டோனரின் வயதுக்கேற்ற நம்பர் கிடைக்கும். நிரூபிக்க முடியாவிட்டால் 'கியூ' எழுத்தில் தொடங்கும், வயது தெரியாத வண்டிக்கான நம்பர்தான். சட்டப்படி ஒரு குறையுமில்லை, ஆனால் விற்கப் போனால் வாங்குபவன் முகம் சுளிப்பான்.

ஆக 11,095 பவுண்டு, 412 மணி நேரம், இரண்டே கால் வருடம். சோதனையில் தேறிய அதே வாரம், என்னுடையதைப் போன்றே எம்எக்ஸ்-5 பாகத்தில் கட்டிய, நன்றாக ஓடும் கார் ஒன்று 8,750 பவுண்டுக்கு விற்பனைக்கு வந்திருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வீடியோ அழைப்பில் வந்த மாமனாருக்கு இதைச் சொல்லித் தொலைத்தேன். லேத் பட்டறை வைத்திருந்தவர். "அப்போ அதையே வாங்கியிருக்கலாமே மாப்பிள்ளை" என்றார். அந்தக் காரைக் கட்டியவருக்கும் கணக்கு என்னுடையதைப் போலத்தான் இருந்திருக்கும். கிட் காரில் நஷ்டம் முதலில் கட்டியவன் தலையில் விழுகிறது, இரண்டாவதாக வாங்குகிறவன் சிரிக்கிறான்.

இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் காருக்கும் அந்தக் காருக்கும் வித்தியாசம் 2,345 பவுண்டு. 412 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 5 பவுண்டு 69 பென்ஸ். 1,240 பவுண்டு கருவிகள் இன்னும் என்னிடமே இருப்பதால் அதைக் கழித்தால் 2 பவுண்டு 68. அந்தக் காசுக்கு இந்த ஊரில் ஒரு காப்பி வராது. மாமனாரிடம் இதைச் சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "அந்த 412 மணி நேரமும் உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?" என்று கேட்டார். சரியான கேள்வி. யோசித்துப் பார்த்தால் 250 மணி நேரம் இருக்கும். எஞ்சின் பிரித்தது, தகடு அடித்தது, முதல் தடவை ஸ்டார்ட் ஆனது. வயரிங்கும் ஓரப்பட்டை ஒட்டியதும் யாராவது காசு கொடுத்தால்கூட இன்னொரு முறை செய்யமாட்டேன்.

எனவே யாராவது என்னிடம் கேட்டால்: கார் வேண்டுமென்றால் கட்டியதை வாங்குங்கள். ரசீது, படம், சோதனைச் சான்று எல்லாம் வைத்திருப்பவரிடம் வாங்குங்கள். கட்டத்தான் வேண்டுமென்றால், வேலை பார்க்க இடமும் இரண்டு வருடப் பொறுமையும் இருக்கிறதா என்று பாருங்கள், பட்ஜெட்டோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள், அதற்கு மேலும் போகும். பாதியில் கைவிட்ட கிட்டை மலிவாக வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நான் வாங்கமாட்டேன். அவர் நிறுத்தியது பெரும்பாலும் வயரிங்கில்தான் இருக்கும்.

ஏசி கோப்ரா நகல் என்றால் கணக்கே வேறு. 1962-இல் அமெரிக்கப் பந்தயக்காரர் கரோல் ஷெல்பி ஒரு இங்கிலீஷ் காருக்குள் ஃபோர்டு வி8-ஐத் திணித்துச் செய்த வண்டி. மொத்தமே ஏறக்குறைய ஆயிரம்தான் செய்தார்கள். அதில் முதல் கார் 2016-இல் அமெரிக்காவில் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அசலை நம்மால் தொடமுடியாது என்பதால் நகலுக்கு அங்கே நியாயம் இருக்கிறது. ஆனால் உடம்பு முழுக்க வளைவு, முழுக்க ஃபைபர். கண்ணாடி மாதிரி பெயிண்ட் அடிக்க ஆகும் கூலியிலேயே என் எஞ்சின், கியர்பாக்ஸ், டயர் எல்லாம் அடங்கிவிடும்.

இந்தியாவில், நம் ஊரில் இதைச் செய்யலாமா என்று தம்பி ஒருவன் கேட்டான். ஓட்டுவதற்கென்றால் யோசிக்க வேண்டாம் என்றேன். பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இங்கே ஐவிஏ கடுமையானது என்று நான் புலம்பினாலும், வீட்டுக் கொட்டகையில் கட்டியதற்கு ஒரு வாசல் இருக்கிறது.

நேற்று காலை ஐந்தரைக்கு எடுத்துக்கொண்டு போனேன். பனி இன்னும் வயலில் நின்றது. இரண்டாம் கியரில் ஒரு வளைவை முடித்து வெளியே வரும்போது கையைத் தளர்த்தினேன், ஸ்டியரிங் தானாக நேருக்கு வந்தது. அதை மறுபடி பார்க்க அதே வளைவுக்கு நான்கு தடவை திரும்பிப் போனேன்.

வீட்டுக்கு வந்தால் காப்பீட்டுப் படிவம் காத்திருந்தது. ஒப்புக்கொண்ட மதிப்பு என்று ஒரு கட்டம். காருக்கு ஏதாவது ஆனால் அந்தத் தொகை கிடைக்கும், படமும் ரசீதும் இணைக்கவேண்டும். "11,095 போடுங்க, அதானே ஆச்சு?" என்றாள் மனைவி. கொடுக்கமாட்டான் என்றேன். 9,000 என்று நிரப்பினேன். இடது பின்சக்கரத்தில் லேசாக ஒரு ஊளைச் சத்தம் கேட்கிறது. நோட்டில் புதுப் பக்கம் திருப்பியாகிவிட்டது: பேரிங், 38 பவுண்டு.